கால் முறிஞ்சு ராடு, பிளேட், ரிங் போட்டவங்க இருக்கீங்களா? அனுபவத்தை எழுதுங்க

பல்லடம் பைக்:
கால் எலும்புக்குள்ள ராடு வச்சு பதினாலு மாசம் ஆச்சு. நானே ஆரம்பிக்கறேன்.

கார் பம்பர் பக்கவாட்டுல அடிச்சுது. கீழே கிடக்கும்போது வலியே தெரியல. பேண்ட் கிழிசல் வழியா வெள்ளையா என்னமோ எட்டிப் பார்த்துது. தேங்காய்ச் சில்லு மாதிரி இருக்கேன்னுதான் முதல்ல தோணுச்சு. எலும்புன்னு மண்டையில ஏற கொஞ்ச நேரம் பிடிச்சுது.

உங்க கால்லயே தடவிப் பாருங்க. முழங்காலுக்குக் கீழ உள்பக்கமா எலும்பு மேல வெறும் தோல்தான், சதைங்கறதே கிடையாது. அதனாலதான் டிபியாங்கற இந்த எலும்பு முறிஞ்சா லேசுல வெளியே வந்துடுது.

முதல்ல போன ஆஸ்பத்திரில பார்த்த உடனே "எடுத்துடறது நல்லது"ன்னுட்டாங்க. காலை! அப்பா கையெழுத்து போட மாட்டேன்னு ஆம்புலன்ஸ்ல ஏத்தி கோயம்புத்தூர் கொண்டுபோனார். அங்க டாக்டர் காயத்தைப் பார்த்து மார்க் போட்டார், பரீட்சைப் பேப்பர் திருத்தற மாதிரி. தோலுக்கு அஞ்சுக்கு இவ்வளவு, எலும்புக்கு இவ்வளவு, தசை நரம்புக்கு இவ்வளவு. சுகர், வயசு மாதிரி விஷயங்களுக்குத் தனியா ரெண்டு ரெண்டு. மொத்தம் 14 வரைக்கும் காலைக் காப்பாத்தப் பார்க்கலாம், 17-ம் அதுக்கு மேலயும்னா எடுக்கற பக்கம், நடுவுல வந்தா டாக்டரோட அனுபவம்தான் முடிவு பண்ணும். எனக்கு 11.

இந்த மார்க் முறையே கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரில உருவானதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. டாக்டர் ராஜசேகரன் குழு 2006-ல கட்டுரையா வெளியிட்டிருக்காங்க. அதுக்கு முன்னாடி உலகம் முழுக்கப் பெரும்பாலும் எலும்பு வெளிய வந்த முறிவைப் பிரிக்க 1976-ல வந்து 1984-ல விரிவாக்கின கஸ்டிலோ-ஆண்டர்சன் வகைதான். அதுல தோல் போய் எலும்பு வெளிய தெரியற காயம் எல்லாம் '3பி'ங்கற ஒரே டப்பாவுல விழுந்துடும். சுலபமா காப்பாத்தக்கூடிய காலும் அதுலதான், கூழான காலும் அதுலதான். முதல் ஆஸ்பத்திரில என்னைப் பார்த்தவர் டப்பாவை மட்டும் பார்த்தார்னு நினைக்கறேன்.

ராத்திரியே தியேட்டர். எலும்பைச் சேர்க்கத்தான் கொண்டுபோறாங்கன்னு நினைச்சேன். இல்ல, கழுவ. பாட்டில் பாட்டிலா சலைன் ஊத்தி மண்ணு, பேண்ட் நூல், செத்த சதை எல்லாத்தையும் எடுத்துட்டு, வெளிய கம்பி கட்டி நிறுத்தினாங்க. அப்புறம் பிளாஸ்டிக் சர்ஜன் கெண்டைச் சதையைத் திருப்பி எலும்பு மேல மூடினார். எலும்பு டாக்டரைவிட இவரைத்தான் நான் அதிகம் பார்த்தேன். ராடு கடைசியாத்தான்.

ஓ.டி. டெக்னீஷியன்:
சதைதான் எலும்புக்கு ரத்தம் கொடுக்குது தம்பி. சதை போயிடுச்சுன்னா எவ்வளவு நல்ல ராடு போட்டாலும் சேராது.

நான் பதினெட்டு வருஷமா எலும்பு தியேட்டர்லதான் நிக்கறேன். எக்ஸ்ரேவைப் பார்த்தாலே எப்படி அடிபட்டுச்சுன்னு பாதி தெரிஞ்சுடும். பாதம் நின்ன இடத்துல நிக்க உடம்பு மட்டும் திரும்புச்சுன்னா முறிவு முறுக்குக் கம்பி மாதிரி சுத்திப் போகும். நேரா அடி விழுந்தா குறுக்க முறியும். வளைஞ்சு முறிஞ்சா ஒரு பக்கம் முக்கோணத் துண்டு தெறிச்சிருக்கும். எலும்பு அழுத்தத்தை நல்லாத் தாங்கும், இழுவையை அவ்வளவு தாங்காது. அதனால வளையும்போது இழுபடற பக்கம்தான் முதல்ல விரியும். முக்கோணம் அதுக்கு எதிர்ப்பக்கம் கிடக்கும்.

ஒரு பையன் "மாடிப்படில கால் பிசகிடுச்சு"ன்னான். எக்ஸ்ரேல குறுக்க முறிஞ்சு அடிபட்ட இடம் நொறுங்கிக் கிடக்குது. "எந்த வண்டிடா?"ன்னு காதுகிட்ட கேட்டேன். அப்பா வெளிய நிக்கறார், வண்டி அவரோடதாம்.

ராடு வைக்கறது தச்சுப் பட்டறை வேலைதான். முட்டிச்சில்லுக்குக் கீழ ஓட்டை, உள்ள ஒரு கம்பி, அது மேல ரீமர். அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டரா குடைஞ்சு பெருசாக்குவாங்க. அப்புறம் சுத்தியல். தொடை எலும்புக்குள்ள ஆணி இறக்கலாம்னு 1939-ல ஜெர்மனில குன்ட்ஷர் செஞ்சு காட்டினார். போர்ல பிடிபட்டுத் திரும்பிவந்த அமெரிக்க வீரர்களோட எக்ஸ்ரேல நீளமா ஆணியைப் பார்த்து அமெரிக்க டாக்டருங்க மிரண்டு போனாங்களாம். மேலயும் கீழயும் குறுக்க ஸ்க்ரூ போட்டுப் பூட்டறது பின்னாடி வந்தது.

நாமக்கல் லாரி:
என் மச்சான் கதை வேற. தோல் கிழியல, ரத்தமும் வரல. "சும்மா கீறல் முறிவுதான்"னு ஊர்ல கட்டு போடறவர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. மூங்கில் பத்தை வச்சு இறுக்கிக் கட்டிட்டார். ராத்திரி முழுக்கக் கத்தினான். கட்டு போட்டா வலிக்கத்தான் செய்யும்னு எல்லாரும் சமாதானம் சொன்னோம், நானும்தான். காலைல கட்டைவிரலை லேசா மேல தூக்கினதுக்கே உசுரு போற மாதிரி அலறினான். மத்தியானம் பாதம் மரத்துப்போச்சு.

ஆஸ்பத்திரில ரெண்டு பக்கமும் நீளமா கீறி விட்டாங்க. முழங்காலுக்குக் கீழ சதை நாலு அறையா இருக்காம், ஒவ்வொண்ணையும் சுத்தி கொஞ்சமும் விரியாத உறை. உள்ள வீங்கினா போக வழியில்ல, ரத்த ஓட்டம் நின்னுடும். ஆறு மணி நேரம் தாண்டினாலே சதை சாக ஆரம்பிச்சுடுமாம். நாங்க ஒரு ராத்திரியே தாண்டிட்டோம். எலும்பு அழகா சேர்ந்துடுச்சு. பாதம்தான் தூக்க வரல, செருப்பு தானா கழண்டு விழும்.

புத்தூர் கட்டைக் குறை சொல்லல, எங்க பாட்டிக்கு மணிக்கட்டு அங்கதான் சேர்ந்துச்சு. ஆனா கட்டு போட்டப்புறம் வலி ஏறிக்கிட்டே போச்சுன்னா உடனே அவுத்துடுங்க.

ரிங்கு வீட்டம்மா:
எங்க வீட்டுக்காரருக்கு ராடு போட்டும் சேரல, சீழ் வேற. கெட்ட எலும்பை அஞ்சு சென்டிமீட்டர் வெட்டி எடுத்துட்டு இலிசாரோவ் ரிங் போட்டாங்க. சைபீரியாவுல குர்கன்னு ஒரு ஊர், அங்க இருந்த டாக்டர் பேராம். நல்ல எலும்பை ஒரு இடத்துல வெட்டி, தினம் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தினா, பின்னாலயே புது எலும்பு வளர்ந்துக்கிட்டு வரும்.

நட்டு திருப்பினது நான்தான். காலைல ஆறு, மத்தியானம் பன்னெண்டு, சாயந்தரம் ஆறு, ராத்திரி பன்னெண்டு. ஒவ்வொரு தடவையும் கால் சுத்து, நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். அஞ்சு சென்டிமீட்டருக்குக் கணக்கு போட்டுப் பாருங்க. அதோட முடியல, வளர்ந்தது கெட்டிப்படற வரைக்கும் இன்னும் பல மாசம் ரிங்கோடயேதான். ராத்திரி பன்னெண்டு மணி அலாரத்துக்கு அவர் எழுந்திருக்கவே மாட்டார், நான் திருப்பிட்டுப் படுத்துடுவேன். பேண்ட் நுழையாது, லுங்கிதான். தெருப் பசங்க "டிஷ் ஆண்டெனா மாமா"ன்னு பேர் வச்சுட்டாங்க.

பல்லடம் பைக்:
அக்கா, அந்த நட்டுக்கு என்ன ஸ்பேனர்? கடையில கிடைக்கறதா, இல்ல ஆஸ்பத்திரில கொடுத்தாங்களா?

எனக்கு ராடு பிரச்சினை இல்ல, மேல் ஸ்க்ரூ மட்டும் தோலுக்கடில துருத்திக்கிட்டு நிக்குது. மண்டி போட்டா குத்துது.

ரிங்கு வீட்டம்மா:
சாதா பத்தாம் நம்பர் தம்பி. இப்ப பையன் சைக்கிள் பொட்டிக்குள்ள கிடக்கு.