டோபமைனை அளக்க மூளைக்குள் கார்பன் இழை இன்னும் தேவையா?

ஒளிவழி:
மூளை செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமைன் வந்து ஒட்டியதும் ஒளிரும் புரத சென்சார்கள் 2018-லேயே வந்துவிட்டன. அவற்றில் டிலைட், கிராப் இரண்டுமே எலி மூளையில் அருமையாக வேலை செய்கின்றன. இதற்குப் பிறகும் புது மாணவர்களை ஏன் கார்பன் இழை மின்முனையோடு மல்லுக்கட்ட வைக்கிறோம்? அது டோபமைனையும் அதைப் போன்ற இன்னொரு மூளை வேதிப்பொருளான நோரட்ரினலினையும் பிரித்துக் காட்டாது. வரும் மின்னோட்டத்தில் பெரும்பகுதி டோபமைன் இல்லாமலே இழையில் ஓடும் பின்னணிதான். அதைக் கழித்தால் ஏற்ற இறக்கம் தெரியும், அடிப்படை அளவு கழித்ததோடு போய்விடும். நிறுத்திவிடலாம் என்பதே என் கருத்து.

இழைக்காரன்:
நான் ஒத்துக்க மாட்டேன். தினமும் இதைத்தான் செய்யறேன். 7 மைக்ரோமீட்டர் தடிமன் இழை, மூச்சு கொஞ்சம் பலமா விட்டாலே மேசையிலிருந்து பறந்துடும். அதைக் கண்ணாடிக் குழாய்க்குள்ள உறிஞ்சி ஏத்தி, குழாயைச் சூடாக்கி இழுத்து, வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற இழையை மைக்ரோஸ்கோப்புல பார்த்து 100 மைக்ரோமீட்டருக்கு நறுக்கணும். இவ்வளவு பாடும் வேகத்துக்காகத்தான். இழைக்குக் கொடுக்கிற மின்னழுத்தம் மைனஸ் 0.4 வோல்ட்டிலிருந்து 1.3 வரை போய்த் திரும்ப 8.5 மில்லிசெகண்ட், இதுதான் ஒரு ஸ்கேன். செகண்டுக்கு 10 தடவை. போற வழியில 0.6 வோல்ட் பக்கம் டோபமைன் மூலக்கூறு ரெண்டு எலக்ட்ரானை விடும், அந்த மின்னோட்டத்தைத்தான் பிடிக்கிறோம்.

உங்க புரதத்துக்கு வைரஸ் வழியா ஜீனை ஏத்தணும். மனுஷ மூளைக்கு அதைச் செய்வீங்களா? பார்கின்சன் அறுவை சிகிச்சை நடக்கும்போதே 17 நோயாளிகள்கிட்ட டோபமைனை நொடிக்கும் குறைவான இடைவெளியில அளந்து 2016-ல வெளியிட்டாங்க. அது கார்பன் இழையில செஞ்சது.

ஒளிவழி:
அளந்தது சரி, அந்த எண்ணை எப்படி நம்புவது? எவ்வளவு மின்னோட்டத்துக்கு எவ்வளவு டோபமைன் என்ற அளவுதிருத்தத்தை பீக்கரில் உப்புக் கரைசலில் செய்கிறீர்கள். மூளைக்குள் போனதும் புரதங்கள் படிந்து உணர்திறன் இறங்குகிறது. கன்சாஸில் ரால்ஃப் ஆடம்ஸ் குழு 1973-ல் முதலில் எலி மூளையில் மின்முனை வைத்தபோது வந்த சிக்னலில் பெரும்பகுதி வைட்டமின் சி என்று பிறகுதானே புரிந்தது?

இழைக்காரன்:
அந்தப் பாடத்துலதான் இந்தத் துறையே வளர்ந்துச்சு. மூளைத் திரவத்துல அஸ்கார்பிக் அமிலம், அதாவது அந்த வைட்டமின் சி, நூற்றுக்கணக்கான மைக்ரோமோலார், டோபமைன் வெறும் நானோமோலார் (மைக்ரோமோலார்ல ஆயிரத்தில் ஒரு பங்கு). அதனாலதான் ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவுல மைனஸ் 0.4-ல நிறுத்தி வைக்கிறோம். நேர்மின் சுமையுள்ள டோபமைன் இழைக்கு இழுக்கப்படும், திரவத்துல எதிர்மின் சுமையோட இருக்கிற அஸ்கார்பிக் அமிலம் விலகும்.

மல்லிகை:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க அப்பாவுக்குப் பார்கின்சன், மூளையில கம்பி வச்சுத் தூண்டல் கொடுக்கிறாங்க. டோபமைனைக் கூட்டுற மாத்திரையோட வேகம் இறங்குற நேரம் அவர் சட்டைப் பட்டனைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். பாதியில கை நின்னுடும். அந்த இறக்கத்தை இந்தக் கருவி சொல்லுமா? சொன்னா தூண்டலைத் தானா கூட்டலாமே.

இழைக்காரன்:
அக்கா, இன்னிக்கு நிலவரத்துல சொல்லாது. மறைக்க விரும்பல. மணிக்கணக்கில மெதுவா இறங்குற அளவு பின்னணியோட சேர்ந்தே கழிஞ்சு போயிடும். நிமிஷம் ரெண்டு போனாலே பின்னணி நகர ஆரம்பிக்கும். 2025-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச தானியங்கித் தூண்டல்கூட மூளையின் மின் அலையைப் பார்த்துத்தான் மாத்துது, வேதிப்பொருளை அளந்து இல்ல.

ஒளிவழி:
நான் முதலில் கேட்டதும் இந்த அடிப்படை அளவைத்தான். ஆனால் இவர் அப்பாவின் மூளையில் ஜீன் ஏற்றலாம் என்று என்னாலும் சொல்ல முடியாது. அதனால் ‘நிறுத்திவிடலாம்’ என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஒன்று மட்டும் விடமாட்டேன்: மூளையிலிருந்து எடுத்த பிறகு செய்த அளவுதிருத்தம் இல்லாமல் நானோமோலார் என்று எண் போடாதீர்கள்.

இழைக்காரன்:
போட மாட்டேன். இனி வைக்கிற ஒவ்வொரு வரைபடத்துலயும் உள்ளே போகும் முன் அளவு, வெளியே எடுத்த பின் அளவு, ரெண்டும் இருக்கும். மல்லிகை அக்கா, பட்டன் நிக்குற நேரத்தை ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே வாங்க. அடுத்த தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க, மாத்திரை நேரத்தை மாத்த அது உதவும்.