உதவி: குளிர்கால சைக்கிள் ஷூவைத் திருப்பி அனுப்பினேன், பணம் தர மறுக்கிறார்கள்

ஈரக்கால் | 26 நவம்பர் 2024, இரவு 11.42

அவசரம். ஆன்லைனில் குளிர்கால சைக்கிள் ஷூ ஒன்று வாங்கினேன். சைஸ் சரியில்லை, விரல் நசுங்குகிறது. திருப்பி அனுப்பினேன். "பயன்படுத்தப்பட்ட பொருள், பணம் தர இயலாது" என்று நேற்று மெயில் போட்டுவிட்டார்கள். இப்போது ஷூவும் அவர்களிடம், பணமும் அவர்களிடம். என்ன செய்யலாம்? அப்படியே கொஞ்சம் அகலமான பாதத்துக்கு எந்த ஷூ நல்லது என்றும் சொல்லுங்கள். நன்றி.

கனடாக்காரன் | 27 நவம்பர், அதிகாலை 1.10

எந்த நாடு என்று சொல்லவில்லையே? இங்கே ஒன்டாரியோ என்றால் கொஞ்சம் கஷ்டம்தான். அளவு சரியில்லை, மனம் மாறிவிட்டது என்று திருப்பித் தரப் பொதுவாகச் சட்டப்படி உரிமை கிடையாது, கடைக்காரர் எழுதி வைத்திருக்கும் கொள்கைதான் சட்டம்.

ஷூவை விடுங்கள். நான் 9 வருடமாகச் சாதாரண சப்பாத்தில்தான் பனியில் சைக்கிள் ஓடுகிறேன். மெல்லிய கம்பளி மேஸ், அதற்கு மேல் ஒரு பாண் பை, அதற்கு மேல் சப்பாத்து. காற்றும் போகாது, தண்ணீரும் போகாது, செலவும் இல்லை.

கோவை ராண்டனர் | 27 நவம்பர், காலை 6.25

என்ன பெடல்? க்ளீட் (ஷூவின் அடியில் மாட்டி, பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டு) இரண்டு போல்ட்டா, மூன்று போல்ட்டா? என்ன சைஸ் வாங்கினீர்கள், பாத நீளம் எத்தனை சென்டிமீட்டர்? எவ்வளவு தடிமனான சாக்ஸ்? இதெல்லாம் தெரியாமல் ஷூ எப்படிச் சொல்வது?

கனடா நண்பரே, பாண் பை என்றால்? பாணர்கள் யாழ் வைக்கும் பையா?

ஒஸ்லோ அண்ணை | 27 நவம்பர், காலை 7.03

தம்பி, கோபிக்காமல் கேளுங்கோ. குளிரில் க்ளீட் போட்டு ஓடுவதே பிழை. க்ளீட் பெரும்பாலும் உலோகம், பெடலும் அப்படியே, இரண்டுக்கும் காலுக்கும் நடுவில் இருப்பது சோலும் ஒரு மெல்லிய இன்சோலும் (உள்ளே போடும் அட்டை)தான். உலோகம் குளிரை நேரே உள்ளங்காலுக்குக் கடத்தும். நான் மைனஸ் 12க்குக் கீழே போனால் தட்டையான பெடல், பெரிய பனிச் சப்பாத்து. விரல்களை உள்ளே ஆட்ட முடிந்தால் கால் சூடாக இருக்கும், அவ்வளவுதான் விசயம். இறுக்கினால் இரத்த ஓட்டம் நிற்கும், ஆயிரம் பவுண்டு சப்பாத்தும் குளிரும்.

பழைய ஹெர்குலிஸ் | 27 நவம்பர், காலை 8.15

வருடா வருடம் நவம்பர் கடைசியில் இதே கேள்வி. நாடு இல்லை, சைஸ் இல்லை, பெடல் இல்லை, வாங்கிய தேதி இல்லை, எப்படிப் பணம் கட்டினார் என்பது இல்லை. பழைய உரையாடல் இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் இன்றைய பிள்ளைகளுக்குக் கிடையாது. பாதத்தை அளக்காமல் ஆன்லைனில் ஷூ வாங்குவது, வைத்தியரைப் பார்க்காமல் மூக்குக்கண்ணாடி வாங்குவது போல.

சரி, கேட்டுவிட்டதால் சொல்கிறேன். ஐரோப்பிய எண்ணில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் 6.67 மில்லிமீட்டர். பிரிட்டன் எண்ணில் 8.47. அதனால்தான் ஒரே ஷூவுக்கு இரண்டு எண் போட்டால் சரியாகப் பொருந்தாது. எண்ணை நம்பாதீர்கள், சென்டிமீட்டரை நம்புங்கள். ஷிமானோ அட்டவணையில் 43 என்றால் 27.2 செ.மீ., 44 என்றால் 27.8. வேறு கம்பெனியில் அதே 43 வேறு நீளம். அந்த அட்டவணையைக்கூடத் திறக்காமல் "ஓட்டப்பந்தய ஷூவில் எனக்கு 43" என்று ஆர்டர் போட்டிருப்பார். பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஈரக்கால் | 27 நவம்பர், மதியம் 12.48

மன்னிக்கவும், வேலையில் இருக்கிறேன். லீட்ஸ், இங்கிலாந்து. 43 வாங்கினேன், எல்லா ஷூவிலும் எனக்கு 43தான். இரண்டு போல்ட். 164.99 பவுண்டு, அனுப்பும் செலவு 3.99. வலது பாதம் 27.4, இடது 27.0, இப்போதுதான் அளந்தேன்.

ஷூவில் அழுக்கு எதுவும் இல்லை, வீட்டுக்குள்தான் போட்டுப் பார்த்தேன். ஷூ வேண்டுமென்றால் 8.50 கட்டினால் எனக்கே திருப்பி அனுப்புவார்களாம்!!

பழைய ஹெர்குலிஸ் | 27 நவம்பர், மதியம் 12.55

சொன்னேனா?

மான்செஸ்டர் மழை | 27 நவம்பர், மதியம் 1.30

பதற வேண்டாம். நான் இரண்டு வருடம் ஒரு சைக்கிள் கடையின் கிடங்கில் திரும்பி வருகிற பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கும் வேலையில் இருந்தேன். அந்த மேசையின் மறுபக்கம் எனக்குத் தெரியும்.

பிரிட்டனில் ஆன்லைனில் வாங்கியதை, பொருள் கைக்கு வந்த மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் "வேண்டாம்" என்று தெரிவிக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகள். தெரிவித்த பிறகு அனுப்பி வைக்க இன்னொரு 14 நாள். பொருள் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த 14 நாளுக்குள் பணம் திரும்ப வர வேண்டும், முதலில் நீங்கள் கட்டிய சாதாரண அனுப்பும் செலவும் சேர்த்து. திருப்பி அனுப்பும் தபால் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

கடையில் போட்டுப் பார்ப்பதைவிட அதிகமாகக் கையாண்டிருந்தால், அதனால் குறைந்த மதிப்பை அவர்கள் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் பிடிப்பது வேறு, மொத்தமாக மறுப்பது வேறு. "பயன்படுத்தப்பட்டது, ஒரு பென்னியும் இல்லை" என்று வாய்க்கு வந்தபடி சொல்ல முடியாது. உண்மையில் எவ்வளவு மதிப்பு குறைந்தது என்று கணக்குக் காட்ட வேண்டும்.

அதனால் நான்கு விஷயம் சொல்லுங்கள். என்று வந்தது? என்று, என்ன வார்த்தையில் "வேண்டாம்" என்றீர்கள்? கிரெடிட் கார்டா, டெபிட் கார்டா? கடைசியாக, உண்மையைச் சொல்லுங்கள்: க்ளீட் மாட்டினீர்களா?

கனடாக்காரன் | 27 நவம்பர், மதியம் 2.02

கோவை, பாண் என்றால் ரொட்டி ஐயா. நீங்கள் பிரெட் என்பது. யாழ்ப்பாணத்துக் குழந்தைக்கும் தெரியும்.

கோவை ராண்டனர் | 27 நவம்பர், மதியம் 2.20

எங்களுக்கு ரொட்டி என்றால் தோசைக்கல்லில் போடுவது. சரி, சப்பாத்து என்றால் ஷூ என்று இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். நல்ல தமிழில் காலணி என்று இருக்கும்போது எதற்குச் சப்பாத்து?

ஒஸ்லோ அண்ணை | 27 நவம்பர், மதியம் 2.41

ஷூ மட்டும் சங்க காலத்துச் சொல்லோ? சப்பாத்து போர்த்துக்கீசியச் சொல்தான், பாணும் அப்படியே. நீங்கள் வீட்டில் ஜன்னலைத் திறந்து, அலமாரிக்குச் சாவி போடும்போது அதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதுண்டா? அவையும் அதே கப்பலில் வந்தவைதான்.

கோவை ராண்டனர் | 27 நவம்பர், மதியம் 2.50

சாவியை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் எங்கள் தாத்தா சாக்ஸை மேஜோடு என்பார், நீங்கள் மேஸ் என்கிறீர்கள். அந்த ஒன்றில் நாம் சொந்தக்காரர்கள் போலத்தான் தெரிகிறது.

பழைய ஹெர்குலிஸ் | 27 நவம்பர், மாலை 4.10

இது ஷூ இழையா, அகராதிக் குழுவா? ஒருவர் 165 பவுண்டு போய்விட்டது என்று அழுகிறார், நீங்கள் வாஸ்கோ ட காமாவைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஈரக்கால் | 27 நவம்பர், இரவு 9.36

நவம்பர் 9 சனிக்கிழமை வந்தது. 14ஆம் தேதி அவர்கள் சாட்டில் "44 இருந்தால் மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று எழுதினேன். 44 இல்லை, அனுப்பி வையுங்கள் என்றார்கள். 20ஆம் தேதி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. டெபிட் கார்டு.

க்ளீட் மாட்டினேன். அதில் என்ன?

மான்செஸ்டர் மழை | 27 நவம்பர், இரவு 10.05

அதில்தான் எல்லாமே. க்ளீட்டின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். போல்ட்டை முறுக்கும்போது அவை சோலுக்குள் கடித்துக்கொண்டு இறங்கும், நகராமல் இருக்க. கழற்றினால் அந்தப் பல் தடம் அப்படியே இருக்கும். நாங்கள் பெட்டியைத் திறந்தவுடன் முதலில் ஷூவைக் கவிழ்த்துப் பார்ப்பது அங்கேதான். மேல்தோலை எவ்வளவு துடைத்து அனுப்பினாலும் தடம் காட்டிக்கொடுத்துவிடும். குதிகால் ரப்பரில் மண் துணுக்கு, அதற்கடுத்த சாட்சி.

வெளியே ஓட்டினீர்களா?

ஈரக்கால் | 27 நவம்பர், இரவு 10.11

தெரு முனை வரை. 20 நிமிஷம் இருக்கும். மழை இல்லை.

பழைய ஹெர்குலிஸ் | 27 நவம்பர், இரவு 10.14

"வீட்டுக்குள்தான்." வீடு பெரியது போல.

மான்செஸ்டர் மழை | 27 நவம்பர், இரவு 10.40

சரி, பரவாயில்லை. பொய் சொல்லாமல் எழுதுங்கள், அதுதான் உங்களுக்கு வலு. சாட்டில் எழுதியது 5ஆம் நாள், "பணத்தைத் தாருங்கள்" என்ற வார்த்தை அதில் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சில சாட் பெட்டிகள் மூடினால் மறைந்துவிடும். தபால் ரசீதும் பத்திரம்.

இப்படி ஒரு மெயில்: 14ஆம் தேதி ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டேன், க்ளீட் மாட்டியதால் மதிப்பு குறைந்திருந்தால் நியாயமான தொகையைக் கழித்துக்கொண்டு, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதைச் சொல்லி மீதியை அனுப்புங்கள், 20ஆம் தேதி பொருள் கிடைத்ததால் டிசம்பர் 4க்குள் வர வேண்டும். ரத்து உரிமை பற்றி ஆர்டர் உறுதி மெயிலில் சொல்லியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சொல்லாமல் விட்டிருந்தால் அவர்களால் எதையுமே கழிக்க முடியாது, 14 நாளும் 12 மாதம் வரை நீளும். 8.50 கட்டி ஷூவை வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வேண்டாம்.

கிரெடிட் கார்டு என்றால் 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு (கடையோடு கார்டு நிறுவனமும் பொறுப்பு என்பது) துணைக்கு இருந்திருக்கும். டெபிட்டுக்கு அது கிடையாது. வங்கியிடம் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்கலாம், அது சட்ட உரிமை இல்லை, கார்டு நிறுவனத்தின் ஏற்பாடு. முதலில் மெயில், பிறகு வங்கி.

கோவை ராண்டனர் | 28 நவம்பர், காலை 6.12

27.4க்கு 43 எப்படிப் பற்றும்? பெரிய பாதத்துக்குத்தான் அளவெடுக்க வேண்டும். ஹெர்குலிஸ் ஐயா சொன்ன அட்டவணையில் 43 ஏற்கெனவே 2 மில்லிமீட்டர் குறைவு. அதற்கு மேல் தடி சாக்ஸ்.

அடுத்த முறை சாயங்காலம் அளவெடுங்கள், காலையைவிடப் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். ஓட்டும்போது போடுகிற அதே சாக்ஸோடு காகிதத்தில் நின்று, குதிகாலைச் சுவரில் ஒட்டி வைத்து, பென்சிலை நேராகப் பிடித்து வரையுங்கள். நீளம் மட்டும் போதாது, விரல்களுக்குக் கீழே அகலமான இடத்தையும் அளக்க வேண்டும். ஷூ வந்ததும் இன்சோலை வெளியே எடுத்து அதன் மேல் நின்று பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு சுண்டுவிரல் அகலம் இடம் வேண்டும். சுண்டுவிரல் பக்கம் சதை இன்சோலைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை, ஒரு சைஸ் ஏற்றினாலும் இல்லை. அகல மாடல் தனியாக வருகிறது, லேக் கம்பெனி அதற்குப் பேர்போனது, ஷிமானோவிலும் சில மாடலில் உண்டு.

க்ளீட் இல்லாமல், கம்பளத்தின் மேல், ஒரு மணி நேரம். அட்டைச் சீட்டைக்கூடப் பிய்க்காதீர்கள்.

கனடாக்காரன் | 28 நவம்பர், காலை 7.30

லீட்ஸில் குளிரைவிட மழைதானே பிரச்சினை? அப்போது ஒன்று. தண்ணீர் சப்பாத்தின் துணி வழியாக வருவது குறைவு, காலோடு வழிந்து மேலே கழுத்து வழியாகத்தான் இறங்கும். நீர்புகாச் சப்பாத்து என்றால் இறங்கிய தண்ணீர் வெளியே போகவும் முடியாது, வாளி போல நிற்கும். நீளக் காற்சட்டையின் கீழ்முனையைச் சப்பாத்தின் கழுத்துக்கு வெளியே விடுங்கள், உள்ளே செருகாதீர்கள். க்ளீட் துளைகளில் உள்பக்கம் ஒரு டேப்.

பாண் பை இப்போதும் என் சிபாரிசுதான்.

ஒஸ்லோ அண்ணை | 28 நவம்பர், காலை 8.22

விரல் நசுங்குகிறது என்றீர்கள். குளிரில் வெள்ளையாகி மரத்துப்போய், பிறகு சிவந்து எரிகிறதா? அப்படியென்றால் சப்பாத்தை மட்டும் பழி சொல்லாமல் டொக்டரிடம் காட்டுங்கோ. என் மனைவிக்கு ரேனோட்ஸ் (குளிரில் விரல்களின் இரத்தக்குழாய் சுருங்கும் நோய்) என்று பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு நாளும் நான் மேஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

கோவை ராண்டனர் | 1 டிசம்பர், காலை 6.40

ஈரக்கால், மெயில் போட்டீர்களா?

மான்செஸ்டர் மழை | 5 டிசம்பர், இரவு 9.15

நேற்றோடு 14 நாள் முடிந்தது. வந்ததா?

ஈரக்கால் | 19 டிசம்பர், இரவு 11.58

மன்னிக்கவும், மறந்துவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே மெயில் போட்டேன். இரண்டு நாள் பதிலே இல்லை, அப்புறம் 24 பவுண்டு கழித்து 144.98 வந்தது. கணக்கு கேட்டதற்கு இன்சோலும் பெட்டியும் மாற்ற வேண்டியிருந்தது என்றார்கள். பெட்டியின் மேலேயே முகவரிச் சீட்டை ஒட்டி அனுப்பியிருந்தேன், அது என் தப்புதான். வேறு ஒன்று வாங்கிவிட்டேன், 44, அகலம். விரல் ஆடுகிறது. எல்லோருக்கும் நன்றி.

மான்செஸ்டர் மழை | 20 டிசம்பர், காலை 7.20

ஷூ பெட்டியை இன்னொரு அட்டைப் பெட்டிக்குள் போட்டு அனுப்புங்கள், இனிமேல். எங்கள் கிடங்கில் பாதித் தகராறு அந்தச் சீட்டால்தான்.

கோவை ராண்டனர் | 20 டிசம்பர், காலை 7.45

மகிழ்ச்சி. எந்தக் கம்பெனி, எந்த மாடல்? எனக்கும் அகலப் பாதம்தான். டிசம்பர் காலையில் ஊட்டியிலிருந்து இறங்கும்போது விரல் இருக்கிறதா என்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கோவை ராண்டனர் | 3 ஜனவரி 2025, காலை 6.30

ஈரக்கால்?

பழைய ஹெர்குலிஸ் | 3 ஜனவரி, காலை 8.05

முதலில் வாங்கியது என்ன மாடல் என்றும் அவர் சொல்லவில்லை. போய்ப் பாருங்கள்.