2500 ரூபா பட்ஜெட், கண்ணாடி போடுவேன், காதும் வேர்க்குது... எந்த ஹெட்ஃபோன் எடுக்கலாம்?

தேவகோட்டை_கேசட்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பத்தா பாடுன தாலாட்டு, கும்மி, அப்புறம் கல்யாண வீட்டுல ஆச்சிமாரு சேந்து பாடுனதுன்னு ஐயா அந்தக் காலத்துலயே கேசட்டுல புடிச்சு வச்சிருக்காக, ஒரு டிரங்குப் பெட்டி நெறைய இருக்கு. அதையெல்லாம் லேப்டாப்புல ஏத்தி வரி வரியா எழுதி வைக்கலாம்னு ஆரம்பிச்சிருக்கேன். ஸ்பீக்கர்ல போட்டா ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது. எங்க வீட்டுப் பட்டாலை எப்படி இருக்கும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லணுமா, கீழ ஆத்தங்குடிக் கல்லு, செவத்துல முட்டைப்பூச்சு, மேல அம்புட்டு ஒசரம், ஒரு சொல்லு முடியிறதுக்குள்ள அதோட எதிரொலி வந்து அடுத்த சொல்ல அமுக்கிடுது. அதனால ஹெட்ஃபோன்தான் வழி.

இப்ப இருக்குறது காது மேலயே ஒக்கார்ற சின்ன வகை. கண்ணாடிக் காம்புக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவுல காது மாட்டிக்கிட்டு அரைமணி நேரத்துல வலி எடுத்துருது, வேர்வை வேற. கூடவே சாயங்காலம் டிஎன்பிஎஸ்சி ஆன்லைன் கிளாஸ் இருக்கு, அதுக்கு புளூடூத் நெக்பேண்ட் போடுறேன், மைக் ஆன் பண்ணுன ஒடனே சாரு கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிடுது. 2500க்குள்ள ரெண்டுக்கும் ஆகுற மாதிரி என்ன எடுக்கலாம்? போன்ல ஜாக் கிடையாது, லேப்டாப்புல இருக்கு.

செக்காலை_ரேடியோ:

தம்பி, மொதல்ல நீ பண்ற வேலைக்கு ஒரு கும்பிடு. எத்தனை வீட்டுல இந்த மாதிரி கேசட்டு பூஞ்சை புடிச்சுப் போச்சுன்னு எனக்குத் தெரியும், ரிப்பேருக்கு வர்றதைப் பாத்தாலே மனசு கெட்டுப் போகும்.

ஹெட்ஃபோன் விஷயம். மாடல் பேர் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணிப் பாரு. மிருதங்கம் நல்லாக் கேக்குற எதாவது போடு, நம்ம காரைக்குடி மணி வாசிச்ச தனி ஒண்ணு போட்டாப் போதும். கேட்டுக்கிட்டே ரெண்டு பக்கமும் உள்ளங்கைய வச்சு லேசா அமுக்கு. தொப்பி சத்தம், அதான் மிருதங்கத்தோட இடது பக்கத்துக் கனத்த சத்தம், சட்டுனு இன்னும் கனமாச்சுன்னா ஒன் ஹெட்ஃபோன் காதோட ஒட்டி ஒக்காரல, காத்து கசியுதுன்னு அர்த்தம். மூடுன வகை ஹெட்ஃபோன்ல டிரைவருக்கும் (உள்ள சத்தம் போடுற குட்டி ஸ்பீக்கர்) காது சவ்வுக்கும் நடுவுல அடைபட்டிருக்குற காத்துதான் கீழ் ஸ்தாயிய தாங்குது, கண்ணாடிக் காம்பு பேடைத் தூக்கி ஒரு சின்ன இடைவெளி விட்டாக்கூட பேஸ் அங்கிட்டே கழண்டு போயிரும். பேஸ் இல்லைன்னு நம்மாளுக வால்யூமைக் கூட்டுவாங்க, மேல் ஸ்தாயி காதைக் குத்தும், தலைவலி வரும், அப்புறம் சீப்பு ஹெட்ஃபோன் அப்படித்தான் இருக்கும்னு தூக்கிப் போட்டுட்டு பத்தாயிரத்துக்கு ஒண்ணு தேடுவாங்க. பாதி பேருக்கு குறை ஹெட்ஃபோன்ல இல்ல, அது காதுல ஒக்கார்ற விதத்துலதான்.

அதனால ஒனக்கு காதைச் சுத்தி ஒக்கார்ற பெரிய கப்பு வகைதான் சரி. வாங்குறப்போ காதை ஸ்கேல் வச்சு அளந்துக்க, பேடுக்கு உள்ள இருக்குற ஓட்டை அதைவிடப் பெருசா இருக்கணும், ஆழமும் வேணும், காது மடல் உள்ள இருக்குற துணியில முட்டுனா ஒரு மணி நேரத்துல வலிச்சிரும். பேடு மெத்துன்னு தடியா இருந்தா கண்ணாடிக் காம்பு அதுக்குள்ள பொதைஞ்சிரும், கசிவு கொறையும். காம்பு மெல்லிசா இருக்குற மெட்டல் ஃப்ரேமா இருந்தா இன்னும் நல்லது, தடி பிளாஸ்டிக் காம்பு கஷ்டம்.

அட்டையில 50 எம்எம் டிரைவர், எக்ஸ்ட்ரா பேஸ், 7.1ன்னு போட்டிருக்குறதப் பாத்து எடுக்காத. டிரைவர் பெருசா இருக்குறதும் சத்தம் சுத்தமா இருக்குறதும் வேற வேற சங்கதி. ஒன்னோடது மனுஷக் குரல், அதுவும் வயசான பொம்பளையாளு குரல், கேசட்டுல இருந்து. பேஸைத் தூக்கி வச்ச ஹெட்ஃபோன் அந்தக் குரல் மேல ஜமுக்காளத்தைப் போட்டு மூடிரும், சொல்லு புரியாது. சமமா கேக்குறது வேணும்னா ஸ்டுடியோ மானிட்டர்னு விக்கிற வகையில பாரு. ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ் இந்த வேலைக்கு ரொம்பப் பொருத்தம், மூடுன வகை, 47 ஓம், லேப்டாப்பே ஓட்டிரும், வயரும் 3 மீட்டர் இருக்கு. ஒன் பட்ஜெட்டைத் தாண்டும், ஆனா நல்ல நிலைமையில செகண்ட்ல கெடைச்சா பேடு மட்டும் புதுசா மாத்திக்கலாம்.

சிங்கை_கோட்டையூரான்:

தம்பி கொஞ்சம் காசு சேத்து நாய்ஸ் கேன்சலிங் இருக்குற வயர்லெஸ்ஸா எடுத்துருங்களேன், ஒரே சாமான்ல கிளாஸும் ஆச்சு பாட்டும் ஆச்சு. நான் வேலைக்குப் போறப்ப எம்ஆர்டி ரயில்ல அதைத்தான் போடுறேன், வயர் தொல்லை இல்ல, ரயில் இரைச்சல் அப்படியே அடங்கிரும். ஃபேன் சத்தமும் அடங்கும்.

செக்காலை_ரேடியோ:

அண்ணே, ரயிலுக்கு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஃபேன், ரயில், ஏசி மாதிரி ஒரே சீரா வர்ற சத்தத்தை அது நல்லா அமுக்கும். ஆனா தம்பி செய்யிறது எழுதுற வேலை, நிறுத்தி, பின்னால போயி, திரும்பக் கேக்கணும். புளூடூத்துல பட்டனை அமுக்குறதுக்கும் சத்தம் வர்றதுக்கும் நடுவுல ஒரு தாமதம் இருந்துக்கிட்டே இருக்கும், சில ஹெட்செட்ல சொல்லோட முதல் எழுத்தும் முழுங்கிப் போகும். அதுபோக விலை கொறைஞ்ச கேன்சலிங்ல ஒரு மெல்லிய இஸ்ஸுன்னு சத்தம் அடியில ஓடும், கேசட்டுல ஏற்கெனவே இஸ்ஸு இருக்கு, எது எதோடதுன்னு பிரிக்க முடியாது. வயர்தான் என் ஓட்டு.

கிளாஸ்ல கிணத்துச் சத்தம் வர்றதுக்குக் காரணம் சொல்லிடுறேன், இது நெறைய பேரு கேக்குறது. புளூடூத் ஹெட்செட்ல மைக்கை ஆன் பண்ணுனா அது பாட்டு கேக்குற முறையை விட்டுட்டு போன் பேசுற முறைக்கு மாறிடும், அந்த முறையில ஸ்டீரியோ கிடையாது, மேல் ஸ்தாயியும் வெட்டுப்பட்டுரும். நெக்பேண்ட் கெட்டுப் போகல. கிளாஸ் ஆப்போட செட்டிங்ல மைக்குக்கு மட்டும் லேப்டாப் மைக்கைத் தேர்ந்தெடு, காதுக்கு நெக்பேண்டே இருக்கட்டும், சாரு குரல் பளிச்சுன்னு வந்துரும். இதுக்கு ஒரு பைசா செலவு இல்ல.

பள்ளத்தூர்_அக்கா:

தம்பி, நான் வீட்டுல இருந்தபடியே ஆடியோ கேட்டு டைப் பண்ற வேலைதான் பாக்குறேன், பகல் பூரா காதுல எதாவது இருக்கும், கண்ணாடியும் போடுறேன். அதனால இந்த ஊரு வெயில்ல எது தாங்கும்னு சொல்றேன்.

தோல் மாதிரி இருக்குற பேடு இருக்கு பாருங்க, அது சித்திரை வைகாசியில ஒத்துக்கவே ஒத்துக்காது. வேர்வை தங்கும், கொஞ்ச காலத்துல செதில் செதிலா உரிஞ்சு காதுல கறுப்பா ஒட்டும். அதுவும் தலையில எண்ணெய் தேய்ச்சுக்கிட்டுப் போட்டா இன்னும் சீக்கிரம் போயிரும், எண்ணெய் தேய்க்கிற நாள்ல குளிச்சு தலை காஞ்சதுக்கு அப்புறம்தான் நான் எடுப்பேன். வெல்வெட் மாதிரி துணி பேடு கெடைச்சா மாத்திக்கங்க, காத்து போகும், காது குளுகுளுன்னு இருக்கும், ஆனா அதே காத்து வழியா பேஸ் கொஞ்சம் கொறையும்ங்கிறதையும் தெரிஞ்சுக்கங்க, உங்களுக்குக் குரல்தான் முக்கியம்ங்கிறதால அது பெரிய நஷ்டம் இல்ல. மாத்த வேணாம்னா பழைய பருத்தி வேட்டித் துணிய பேடு அளவுக்கு உறையா தைச்சு மாட்டலாம், நடுவுல ஓட்டை விட்டுத் தைங்க, டிரைவரை மூடிட்டா சத்தம் மங்கிரும். வாரம் ஒருக்க கழட்டித் தொவைச்சுப் போட்டுக்கலாம்.

புதுசு ரொம்ப இறுக்கமா இருந்தா, தலையை விடக் கொஞ்சம் அகலமா புத்தகத்தை அடுக்கி ராத்திரி அதுல மாட்டி வச்சிருங்க, காலையில தளர்ந்திருக்கும். உள்ள இரும்புப் பட்டை இருக்குறதுக்கு மட்டும் இது, முழுக்க பிளாஸ்டிக்கா இருந்தா விரிசல் விட்டுரும். ரொம்பவும் தளர்த்திடாதீங்க, அண்ணன் சொன்ன கசிவு வந்துரும்.

அப்புறம் இன்னொரு வழி இருக்கு, யாரும் சொல்லலயே. காதுக்குள்ள வைக்கிற வயர் இயர்போன். கண்ணாடிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, வேர்வைத் தொல்லையும் கம்மி, உங்க காசுக்கு உள்ளயே அருமையானது வருது. மூன்டிராப் சூ, கேஇசட் கம்பெனியோடது எல்லாம் இந்த வெலையில குரலை அவ்வளவு தெளிவாக் கொடுக்குது. கூட வர்ற ரப்பர் முனை மூணு அளவுல இருக்கும், நடு அளவையே மாட்டிக்கிட்டு பேஸ் இல்லைன்னு சொல்லக் கூடாது, மூணையும் மாத்திப் பாருங்க, வலது காதுக்கு ஒரு அளவும் இடது காதுக்கு வேற அளவும்கூட ஆகலாம். போடுறப்போ காது மடலை மேல் பக்கமா லேசா இழுத்துக்கிட்டு சொருகுனா ஒழுங்கா ஒக்காரும். வயரைக் காதுக்கு மேல சுத்தி பின்பக்கமா விட்டா, வயர் சட்டையில ஒரசுற சத்தம் உள்ள கேக்காது. முனையை அடிக்கடி கழுவிக் காய வைங்க, ஈரத்தோட மாட்டாதீங்க.

சத்தத்தைப் பத்தி ஒரே ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வைக்கிற அளவு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாக் கொறையும், 83ன்னா 20 மணிதான், 86ன்னா 10 மணிதான். கேசட்டுல சொல்லு புரியலன்னா கை தன்னால வால்யூமுக்குப் போகும், போகவிடாதீங்க. வேகத்தைக் கொறைச்சுக் கேளுங்க, சொல்லு புரியும். காது ஒருக்க போனா திரும்ப வராது தம்பி.

தேவகோட்டை_கேசட்:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. அமுக்கிப் பாத்தேன், தொப்பி அப்படியே எழும்பி வருது, இவ்வளவு நாளா பாதி மிருதங்கம்தான் கேட்டிருக்கேன் போல. மைக்கை மாத்துனதுல கிளாஸ் பிரச்சினை இன்னிக்கே தீந்துருச்சு.

அக்கா சொன்னபடி இயர்போனுக்குப் போறேன், மிச்சக் காசை வச்சுக்கிட்டு எம்20எக்ஸ் செகண்ட்ல கெடைக்குதான்னும் பாக்குறேன். ரெண்டு கேள்வி. போனுக்கு டைப் சி கன்வெர்ட்டர் எதுனாலும் ஆகுமா? சத்தத்துல கனத்தையும் கூர்மையையும் தனித்தனியா ஏத்தி எறக்குற ஈக்வலைசர்னு சொல்றாங்களே, கேசட்டுக் குரலுக்கு அதுல என்ன வைக்கணும்?

செக்காலை_ரேடியோ:

கன்வெர்ட்டர்ல ரெண்டு வகை இருக்கு. உள்ள டேக் சிப் (டிஜிட்டலை காதுக்குக் கேக்குற அனலாக் சத்தமா மாத்துறது) இருக்குறது ஒண்ணு, வெறும் வயர் மட்டும் இருக்குறது ஒண்ணு. வெறும் வயர் வகை, போனே டைப் சி வழியா அனலாக் சத்தம் கொடுத்தாத்தான் வேலை செய்யும், நெறைய போன் கொடுக்காது. அதனால டேக் இருக்குன்னு போட்டிருக்குறதையே எடு. ஆப்பிளோட சின்ன கன்வெர்ட்டர் அளந்து பாத்தா நல்ல சுத்தம், ஆனா ஆண்ட்ராய்டு போன்ல போட்டா சத்தம் கம்மியா வரும், இயர்போனுக்கு அதுவே போதும், பெரிய ஹெட்ஃபோனுக்குப் பத்தாமப் போகலாம்.

ஈக்வலைசருக்கு மொதல்ல போன்லயும் லேப்டாப்புலயும் ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்குற டால்பி, என்ஹான்ஸ்மென்ட் எல்லாத்தையும் அணைச்சிரு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறுனா எதைத் திருத்துறோம்னே தெரியாது. ஆண்ட்ராய்டுல வேவ்லெட்னு ஒரு ஆப் இருக்கு, ஹெட்ஃபோன் மாடல் பேரைக் கொடுத்தா ஆட்டோஈக்யூ திட்டத்துல அளந்து வச்ச திருத்தத்தை அதுவே போட்டுரும். லேப்டாப்புல விண்டோஸ்னா ஈக்வலைசர் ஏபிஓ இலவசம். மலிவு ஹெட்ஃபோன் நெறையதுல 6ல இருந்து 10 கிலோஹெர்ட்ஸுக்குள்ள எங்கயாவது ஒரு முள்ளு நிக்கும், அந்த எடத்துச் சத்தம் மட்டும் தூக்கலா இருக்கும், நாகஸ்வரம் கேட்டா நல்லாத் தெரியும், ச, ஷ எழுத்தும் கீறும். அதை 3, 4 டெசிபல் கொறைச்சாலே ஹெட்ஃபோன் வெல ஒசந்த மாதிரி ஆயிரும்.

அப்பத்தா குரலுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிரு, அங்க மோட்டார் உறுமலும் கரண்ட் ஹம்மும்தான் இருக்கும். 2ல இருந்து 4 கிலோஹெர்ட்ஸுக்குள்ள ஒரு 2, 3 டெசிபல் தூக்கு, க, ச, த மாதிரி வல்லின எழுத்து பிரிஞ்சு கேக்கும், எழுதுறதுக்கு அதுதான் வேணும். இஸ்ஸு சத்தத்துக்கு, 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல கொஞ்சமா எறக்கு. எதையாவது தூக்குனா பிரீஆம்பை (ஈக்வலைசர்லயே இருக்குற மொத்த சத்த அளவு) அதே அளவு எறக்க மறக்காத, இல்லைன்னா உச்சத்துல கரகரன்னு ஒடையும். இதெல்லாம் கேக்குறப்போ மட்டும். பதிஞ்சு வைக்கிற ஃபைல்ல ஈக்வலைசர் போடவே போடாத, 24 பிட்டுல உள்ளது உள்ளபடி இருக்கட்டும், பின்னால வர்றவங்க இன்னும் நல்ல கருவி வச்சு கேப்பாங்க.

இன்னொண்ணு, லேப்டாப் சார்ஜர் சொருகியிருக்குறப்ப ஹெட்ஃபோன்ல ம்ம்னு கேட்டா சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில ஓட்டிப் பதி, பாதி நேரம் அதுலயே போயிரும்.

பள்ளத்தூர்_அக்கா:

இயர்போன் வந்ததும் சத்தம் புடிக்கலன்னு ஒடனே திருப்பி அனுப்பிராதீங்க தம்பி, பேஸ் தூக்குன நெக்பேண்ட்ல பழகுன காதுக்கு ஆரம்பத்துல சப்புன்னு இருக்கும். அப்பத்தா பாட்டையே அதுல போட்டு ஒரு பக்கம் எழுதிப் பாருங்க. முன்னால விட்ட சொல்லு எதாவது புடிபடுதான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. தாலாட்டுல புரியாத சொல்லு வந்தா இங்கயே போடுங்க, எங்க ஆயா இன்னமும் பாடுறாக, கேட்டுச் சொல்றேன்.