மூன்று குட்டி, இரண்டு காம்பு: ஆடு வளர்க்கிற உறவுகள் உதவுங்கோ

உறவுகளே, மாங்குளம் பக்கம் ஜமுனாபாரி இனக் கலப்பு மறி (பெட்டை ஆடு) ஒன்று மூன்று குட்டி ஈன்று பத்து நாள். சின்னக்குட்டி காம்புக்கு வரமுதல் மற்ற இரண்டும் குடிச்சு முடிச்சிடுது. விலா ஒட்டிப்போச்சு, வாய்க்குள்ள விரல் வைச்சால் சூடு குறைவு.

கடும்புப்பால் (ஈன்றவுடன் வாற முதல் பால்) முதல் மணித்தியாலத்திலேயே மூன்றுக்கும் கிடைச்சது. இப்ப சின்னதுக்குப் பசுப்பால். எடை 2.5 கிலோ, நாளுக்கு 400 மில்லிலீற்றர், நாலு தரமாய், உடம்புச் சூட்டில. போத்தலை உயர்த்திப் பிடிச்சுக் கழுத்தை நீட்டிக் குடிக்க விடவேணும். சட்டியில வைச்சால் மளமளவெண்டு இழுக்கும். பால் முதலாம் வயித்துக்குள்ள (அசைபோடுற பை) போய்ப் புளிச்சு ஊதிடும். பசிக்குதெண்டு ஒரேயடியாய்க் கூட்டினாலும் கழிச்சல்தான்.

தாய்க்குத் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் 300 கிராமில தொடங்கி, மூன்று நாளுக்கொருக்கா 50 கிராம் கூட்டுறம். சோறு அள்ளி வைக்கிறதில்லை, அது வயிறு புளிச்சுத் தீன் மறுக்க வைக்கும். தண்ணி எப்பவும் முன்னால இருக்கு.

ஆடி, ஆவணியில புல்லுக் கருகின பிறகு என்ன குழை வெட்டுறீங்கள்? இப்பில் இப்பில் (சூபாபுல்) குழை கூடினால் மயிர் கொட்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல வேண்டாம். மிச்சத்துக்கு முருங்கையா, பூவரசா, வாட்டின கிளிரிசிடியாவா (சீமைக்கிளுவை) பால் கூட்டுது?

இரண்டாம் கிழமையில குட்டிகளுக்குத் தனித் தீன் வைக்க, தாய் நுழையாத அடைப்புக்கு எத்தனை அங்குல இடைவெளி விடலாம்?

கிட்டடியில ஒற்றைக்குட்டி ஈன்ற மறி வைச்சிருக்கிறவை மிச்ச ஆட்டுப்பால் தந்தால் பெரிய உதவி. பசுப்பாலை மெல்ல மெல்லக் குறைச்சு மாத்தலாம்.