ரைசன் 5 5600 பிராசசர் மாத்துனேன், டிஸ்ப்ளே வரல. அவசரம்ங்க

கொங்கு_கேமரா, வியாழன் இரவு 11.40

வணக்கம்ங்க. 2018ல வாங்குன கேமிங் லேப்டாப்லதான் கல்யாண வீடியோ எடிட் பண்ணிட்டு இருந்தேன். இப்ப ரெண்டு நிமிஷம் ரெண்டர் ஓடுனாலே கொதிச்சு ஆஃப் ஆயிடுது. டச்பேட் வேற மேல தூக்கிட்டு நிக்குது. வீட்ல சும்மா கெடக்குற பழைய டெஸ்க்டாப்பையே தேத்திக்கலாம்னு ரைசன் 5 5600, 8 ஜிபி ரேம் ரெண்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு வாங்கியாந்து மாட்டுனேன். ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டிஸ்ப்ளே வரல. ரேமைக் கழட்டி மாட்டியும் பாத்தாச்சு. திங்கக்கெழமை பார்ட்டிக்கு வீடியோ குடுத்தாகணும். யாராச்சும் சொல்லுங்க.

வைகை, 11.52

மதர்போர்டு எது? இதுக்கு முன்னாடி என்ன பிராசசர் ஓடிட்டு இருந்துச்சு? எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை டப்பா) எத்தனை வாட்? மானிட்டர் கேபிளை எங்க குத்தியிருக்கீங்க? இந்த நாலும் தெரியாம யார் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

தஞ்சை_டெக், 11.58

நண்பா, கண்டிப்பா கேபிளை மதர்போர்டு எச்டிஎம்ஐல குத்தியிருப்பீங்க. 5600ல கிராபிக்ஸ் கிடையாது, பேர் கடைசில ஜி இருக்குற சிப்புலதான் இருக்கும். கேபிளைக் கார்டுல மாத்துங்க, வந்துரும். எங்க கடைக்கு வர்ற நோ டிஸ்ப்ளேல பாதி இதுதான்.

மல்டிமீட்டர், வெள்ளி அதிகாலை 12.10

ஃபேன் சுத்துறதை வெச்சு எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்குன்னு நம்பாதீங்க. கேபினட்டோட சேந்து வந்த டப்பாவா இருந்தா மொதல்ல அதைத் தூக்கிப் போடுங்க. 6600க்கு மட்டும் 132 வாட் வேணும், 8 பின் தனியா குடுக்கணும். 4 பின் மோலெக்ஸ்ல கன்வெர்ட்டர் போட்டிருந்தா இப்பவே ஆஃப் பண்ணிருங்க. வயர் உருகி நான் பாத்திருக்கேன்.

பழையபலகை, 12.25

மாசத்துக்கு நாலு பேர் இதே கேள்வியோட வர்றாங்க. தேடிப் பாக்க யாருக்கும் பொறுமை இல்ல. இருபதாயிரத்துக்கு மேல செலவு பண்ணத் தெரியுது, போர்டு மேல அச்சடிச்சிருக்குற பேரைப் படிக்கத் தெரியல. கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்குப் பக்கத்துல கொட்டை எழுத்துல இருக்கும். படிச்சுட்டு வாங்க, பேசலாம்.

வைகை, 12.31

அவசரத்துல இருக்குறவர்கிட்ட இப்படிப் பேசணுமா அண்ணே? கேட்டா சொல்லிடப் போறாரு.

கொங்கு_கேமரா, காலை 7.05

மன்னிச்சுக்கங்க, தூங்கிட்டேன். ஏ320எம் போர்டு, 2017 கடைசில வாங்குனது. முன்னாடி ரைசன் 3 1200 பிராசசர், ஜிடி 710 கார்டு. எஸ்எம்பிஎஸ் 500 வாட், கார்டு கூடவே புதுசா வாங்குனது, 8 பின் அதுலயே இருக்கு. கேபிள் கார்டுலதான் இருக்கு. ஜிடி 710ஐ மறுபடி போட்டாலும் வரலைங்க. கடைல கேட்டதுக்கு ரெண்டுக்கும் ஏஎம்4 சாக்கெட் தானே, மாட்டுனா ஓடும்னாங்க.

வைகை, 7.20

பயாஸ்தான், அதாவது ஆன் பண்ணுனதும் மொதல்ல ஓடுற போர்டோட சொந்த மென்பொருள். சாக்கெட் ஒண்ணுதான், ஆனா 2017 போர்டுக்குள்ள இருக்குற பயாஸுக்கு 5600னு ஒரு சிப் பொறக்கப்போறதே தெரியாது. அது வந்ததே 2022 ஏப்ரல்ல. உங்க ஏ320 மாதிரி 300 வரிசை போர்டுக்கு 5000 வரிசை சிப்பைப் போடலாம்னு ஏஎம்டி ஒத்துக்கிட்டதும் அந்த வருஷம்தான். அடையாளம் தெரியாத சிப்பைக் கண்டா ஃபேன் மட்டும் சுத்தும், வேற ஒண்ணும் நடக்காது. பழைய 1200ஐத் திரும்ப மாட்டுங்க, பென்டிரைவ்ல புது பயாஸைப் போட்டு ஏத்துங்க, அப்புறம் 5600.

கொங்கு_கேமரா, 7.26

1200ஐ எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேங்க.

தஞ்சை_டெக், 7.40

அடடா. போர்டு மேல வட்டமா இருக்குற சின்ன சிமாஸ் பேட்டரியைக் கழட்டி அஞ்சு நிமிஷம் வெச்சுப் பாருங்களேன்.

வைகை, 7.44

அதுல செட்டிங்தான் அழியும், பயாஸ் பழசாவேதான் இருக்கும். கொங்கு தம்பி, அதைவிட முக்கியமா ஒண்ணு. டச்பேட் தூக்கிட்டு நிக்குதுன்னா உள்ள பேட்டரி உப்பியிருக்கு. இனிமே அந்த லேப்டாப்பை சார்ஜ்ல போடாதீங்க. டச்பேடை அழுத்தி உள்ள தள்ளாதீங்க. சர்வீஸ்ல குடுத்து பேட்டரியைக் கழட்டச் சொல்லுங்க. ஃபுட்டேஜ் 2.5 இஞ்ச் எஸ்எஸ்டில இருந்தா அதைக் கழட்டி டெஸ்க்டாப் சாட்டா கேபிள்ல அப்படியே மாட்டிக்கலாம். லேப்டாப் ரேம் மட்டும் இதுல உக்காராது.

டெல்டாக்காரன், 8.15

நடுவுல வர்றேன். எதுக்கு டெஸ்க்டாப்? லேப்டாப்புக்குப் புது பேட்டரி, நல்ல பேஸ்ட், ஃபேன் கிளீனிங், மூவாயிரம் நாலாயிரத்துல முடிஞ்சிருக்கும். எங்க ஊர்ல சாயங்காலம் ரெண்டு தடவை கரண்ட் போகுது. ரெண்டர் 90 சதவீதத்துல இருக்கும்போது போனா என்ன பண்ணுவாரு?

மல்டிமீட்டர், 8.30

யுபிஎஸ் எதுக்கு இருக்கு? 600 விஏ சாதாரண யுபிஎஸ் 360 வாட் தாங்கும். 5600, 6600 ரெண்டும் முழு லோடுல ஓடுனாலும் மானிட்டரோட சேத்து அதுக்குள்ள அடங்கிடும்.

டெல்டாக்காரன், 8.41

தாங்கும், எத்தனை நிமிஷம்? என் வீட்டு 600 விஏ, கேம் ஓடும்போது மூணு நிமிஷத்துல கத்த ஆரம்பிச்சுரும். லேப்டாப் பேட்டரின்னா ஒரு மணி நேரம்.

மல்டிமீட்டர், 8.50

ப்ரோ, கேமிங் லேப்டாப் பேட்டரில ஓடும்போது கிராபிக்ஸ் பாதி வேகம்கூட வராது. சேவ் பண்ணி ஷட் டவுன் பண்ண மூணு நிமிஷம் போதாதா? இன்வெர்ட்டர் இருக்குற வீட்ல அதுவும் தேவையில்ல.

டெல்டாக்காரன், 9.02

சதுர அலை இன்வெர்ட்டர்ல ஆக்டிவ் பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிபண்ற சர்க்யூட்) இருக்குற எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பாருங்க, மாறுற நேரத்துல மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். எனக்கே ஆச்சு. அனுபவிச்சவன் சொல்றேன்.

பழையபலகை, 9.30

ரெண்டு பேரும் வேற இழை ஆரம்பிச்சு சண்டை போடுங்க. அந்த ஆளு திங்கக்கிழமை வேலை குடுக்கணும்.

கொங்கு, 1200தான் வேணும்னு இல்ல. முதல் தலைமுறை ரைசன் எதுவா இருந்தாலும் சரி. ஏஎம்டியோட பழைய ஏ வரிசை சிப் ஏ6 9500 கிடைச்சாக்கூடப் போதும், அதுல கிராபிக்ஸும் இருக்கு. 2018ல இதே மாதிரி மாட்டிக்கிட்டவங்களுக்கு ஏஎம்டியே ஏ6 9500ஐ இரவல் அனுப்பிச்சு வெச்சுது. நீங்க பிராசசர் வாங்குன கடைக்கு மொத்த கேபினட்டையும் தூக்கிட்டுப் போங்க. உங்க 1200 இன்னும் அவங்க அலமாரிலதான் இருக்கும்.

மூணு விஷயம் மறந்துராதீங்க. போர்டு கம்பெனி வெப்சைட்ல உங்க போர்டு ரிவிஷனுக்கான பக்கத்துல இருக்குற பயாஸை மட்டும் இறக்குங்க, பேர் ஒண்ணா இருந்தாலும் ரிவிஷன் மாறுனா போர்டு செத்துரும். அவ்வளவு பழசுல இருந்து நேரா கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாது, நடுவுல எதுல நிக்கணும்னு அதே பக்கத்துல போட்டிருப்பாங்க. அப்டேட் ஓடுறப்ப கரண்ட் போகக்கூடாது, யுபிஎஸ்ல போட்டுத்தான் ஆரம்பிக்கணும். அந்தக் காலத்து போர்டுகள்ல பயாஸுக்குப் பெரும்பாலும் 16 எம்பி மெமரி சிப்தான். புது பிராசசருக்கு இடம் விடுறதுக்காகப் புது பயாஸ்ல இருந்து பழைய ஏ வரிசையைத் தூக்கிட்டாங்க. அதனால ஏ6ல ஏத்துனா, கடைசிப் பதிப்புக்கப்புறம் அதே ஏ6 ஓடலன்னு பயந்துராதீங்க. 5600ஐ மாட்டுங்க. முதல் தடவை ரெண்டு நிமிஷம் கறுப்பாவே நிக்கும், ஆஃப் பண்ணாதீங்க.

கொங்கு_கேமரா, 9.48

ரொம்ப நன்றிங்கண்ணா. கடை பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க. கிளம்புறேன்.

தஞ்சை_டெக், சனி மதியம் 1.15

என்னாச்சு நண்பா?

டெல்டாக்காரன், சனி மாலை 6.20

மல்டிமீட்டர் ப்ரோ, நீங்க சொன்ன யுபிஎஸ் கணக்கைப் பழைய பேட்டரில போட்டுப் பாத்தீங்களா? ரெண்டு வருஷப் பேட்டரில அதுல பாதிதான் வரும்.

கொங்கு_கேமரா, ஞாயிறு இரவு 10.55

வந்துருச்சுங்க. பயாஸ்தான். அவங்க டப்பாலயே என் 1200 கெடந்துச்சு, ரெண்டு தடவை ஏத்த வேண்டியதாப் போச்சு. லேப்டாப் பேட்டரியையும் கழட்டியாச்சு, தலகாணி மாதிரி இருந்துச்சு. வைகைக்கும் பலகை அண்ணனுக்கும் நன்றி. ரெண்டர் ஓடுது, அப்புறம் வர்றேன்.

வைகை, ஞாயிறு இரவு 11.03

நல்லதுங்க தம்பி. எந்த பயாஸ் பதிப்புல இருந்து எதுக்குப் போனீங்க, நடுவுல எதுல நின்னீங்கன்னு மட்டும் போட்டுருங்க. இதே போர்டு வெச்சிருக்குறவங்க தேடிட்டு வருவாங்க.

பழையபலகை, அடுத்த வெள்ளி

கொங்கு, அந்தப் பதிப்பு எண்?