ஆலாத்தித் தண்ணி ஏன் சில நேரம் சிவக்கிறதில்லை?

சிப்புட் மல்லி

வணக்கம். அடுத்த மாசம் சுங்கை சிப்புட்டில் எங்க வீட்டுக் கல்யாணம். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தால் ஒரு சமயம் குங்குமச் சிவப்பு வருது, இன்னொரு சமயம் சேற்று நிறத்திலேயே நின்னுடுது. தூள் அதே தூள்தான். சிலர் கேசரிச் சாயம் கலந்து சமாளிக்கிறாங்க, அது எனக்கு வேண்டாம். அளவு என்ன, எங்கே தவறுது? வேட்டியில் பட்டால் எப்படி எடுக்கிறது?

வேதியியல் வாத்தியார்

பெரும்பாலும் தவறு சுண்ணாம்பில் இருக்கும், மஞ்சளைக் குறை சொல்லாதீங்க.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்க்குமின். புளிப்பிலும் வெறும் தண்ணியிலும் அது மஞ்சளாகவே இருக்கும். காரத்தன்மை ஏறி, அதை அளக்கும் பிஎச் எண் 9-ஐ நெருங்கும்போது சிவக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. அதன் தெளிந்த நீரே பிஎச் 12-ஐத் தாண்டும், தாராளமாகப் போதும். ஆனால் மூடாமல் கிடந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கால்சியம் கார்பனேட்டாக மாறிடும். பார்வைக்கு அதே வெள்ளைதான், மஞ்சளைச் சிவக்க வைக்கும் பலம் மட்டும் போயிருக்கும்.

சோதிக்க மிளகளவு சுண்ணாம்பு எடுத்து நாலைந்து சொட்டு வினிகர் விடுங்க. நுரைத்துப் பொங்கினால் அது பழசு, தூக்கிப் போடுங்க. அப்பச் சோடாவை மாற்றாகப் போடலாமான்னு கேட்பாங்க. அது பிஎச் 8-ஐ ஒட்டியே நிற்பதால் கிச்சிலி நிறத்துக்கு மேலே போகாது.

ஒரு தட்டுக்குக் கால் லிட்டர் பச்சைத் தண்ணி, அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூள், கொண்டைக்கடலை அளவு சுண்ணாம்பு. கூடுதல் சுண்ணாம்பால் லாபமில்லை. லிட்டருக்குச் சுமார் 1.7 கிராம்தான் கரையும், மிச்சம் வெள்ளையாகக் கலங்கி நிறத்தை வெளிற வைக்கும். மஞ்சளைக் கொஞ்சம் தண்ணியில் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு தட்டில் ஊற்றுங்க. சுண்ணாம்பைத் தனிக் கிண்ணத்தில் கரைத்து, கட்டி அடியில் தங்கியதும் மேல்தண்ணியை மட்டும் சேருங்க.

நிறைய பேர் கோட்டை விடுவது நேரத்தில். காரத்தில் குர்க்குமின் நிலைக்காது, சிதைந்து பழுப்பாகும். வெந்நீரில் இன்னும் வேகமாகக் கெடும். விடிகாலையிலேயே கரைத்து வைத்தால் முகூர்த்தம் முடிஞ்சு மணமக்கள் வரும்போது நீங்க சொன்ன சேற்று நிறம்தான் இருக்கும். மஞ்சள் தண்ணி தயாராக இருக்கட்டும். மாப்பிள்ளை கார் வாசலுக்குத் திரும்பும்போது சுண்ணாம்புத் தண்ணியை ஊற்றுங்க, நிறம் உடனே வரும்.

பத்து காஜா அக்கா

வாத்தியார் சொன்னதோடு பாத்திரத்தையும் பாரும்மா. அலுமினியத் தட்டு கூடவே கூடாது, சுண்ணாம்பு அதை அரிக்கும். பித்தளை இல்லேன்னா எவர்சில்வர்.

மஞ்சள் வாங்கும்போது சமையல் மஞ்சள்தானான்னு பார்த்துக்கோ. முகத்துக்குப் பூசுற கஸ்தூரி மஞ்சளில் இந்த நிறச்சத்து ரொம்பக் குறைச்சல், எவ்வளவு நல்ல சுண்ணாம்பு போட்டாலும் சிவக்காது. பாசாரில் விற்கும் பச்சை மஞ்சளைத் துருவிப் பிழிந்தும் செய்யலாம். அதில் தண்ணிச்சத்து அதிகம் என்பதால் தூளைவிட நிறையப் போடணும்.

சுண்ணாம்பைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, மேலே ஒரு விரற்கடை தண்ணி நிற்கிற மாதிரி இறுக்கி மூடி வை. தண்ணிமேல் ஏடு படிந்தால் பயப்படாதே. காற்று பட்ட பகுதி மட்டும் கல்லாகியிருக்கு, அடியில் இருப்பது நல்லாவே இருக்கும்.

கோலசிலாங்கூர் துரை

வெற்றிலை போட்டால் வாய் சிவக்கிறதும் இதே கணக்குதானா?

வேதியியல் வாத்தியார்

சுண்ணாம்பின் வேலை அதேதான், சாயம் வேற. அங்கே சிவப்பு வருவது பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருளிலிருந்து.

சலவைக்காரர் மகன்

வேட்டிக் கறைக்கு எடுத்த எடுப்பில் சவுக்காரம் போடாதீங்க. அதுவும் காரம் என்பதால் மஞ்சள் கறை கண்ணெதிரே சிவக்கும். பயந்து தேய்த்தால் நூலுக்குள் இறங்கிடும். துணியைத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கமாகப் பைப்புத் தண்ணியை ஓடவிட்டு, தூள் போனபின் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தடவுங்க. சுண்ணாம்பு கரைந்து, கறை மஞ்சளுக்குத் திரும்பும். நல்லா அலசித் துவைத்து ஈரத்தோடு வெயிலில் போடுங்க. வெளிச்சம் குர்க்குமினைச் சிதைக்கும். நம்ம பக்கம் மத்தியானத்துக்கு மேலே மழை பிடிச்சுக்கும், அதனால் காலை வெயிலை விடாதீங்க. கறை முழுசாப் போகும்வரை இஸ்திரி வேண்டாம்.

வெள்ளைப் பருத்திக்குக் கடைசி வழி பிளீச். வினிகர் ஒரு சொட்டும் இல்லாமல் அலசிய பிறகே அதைத் தொடணும், இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். பட்டில் பிளீச் போடவே கூடாது, இழையையே தின்னுடும்.

சிப்புட் மல்லி

எல்லாருக்கும் நன்றி. கைக்குழந்தைக்கும் இதைத் தொட்டு நெற்றியில் வைப்பாங்களே, அது பரவாயில்லையா?

பத்து காஜா அக்கா

குழந்தைத் தோல் தாங்காதும்மா, எரிஞ்சு சிவக்கும். குழந்தைக்கு வெறும் மஞ்சளே போதும். பெரியவங்களுக்கு வைக்கும்போதும் மேல்தண்ணியில் விரலைத் தொட்டு வை, அடியில் தங்கினதை வழிச்சு வைக்காதே. கண்ணில் பட்டால் தேய்க்க விடாமல் ஓடுற தண்ணியில் இருபது நிமிஷம் கழுவி, வலி குறைஞ்சாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. சுண்ணாம்புக் கிண்ணம் பந்தலில் பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.