சினைப்பன்றியின் தீவனமும் குட்டிகளின் கறித் தரமும்

கேள்வி (திருமங்கலம் பண்ணையாளர்):
அனைவருக்கும் வணக்கம். எட்டு வெள்ளை யார்க்‌ஷயர் தாய்ப்பன்றிகளை வளர்த்து வருகிறேன். மதுரை ஓட்டல்களில் மிஞ்சும் சோற்றையும் சாம்பாரையும் கொதிக்கவைத்துத்தான் பெரும்பாலும் கொடுக்கிறேன். குட்டி போட ஒரு மாதம் இருக்கும்போது மட்டும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சேர்ப்பேன். சென்ற ஈற்றில் ஒரு தாய் பதினோரு குட்டிகள் போட்டது. காய்கறி நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தபோது நான்கு குட்டிகள் ஒரு கிலோவைக்கூட எட்டவில்லை. அவற்றைத் தனியே பிரித்து நல்ல தீவனம் கொடுத்து வந்தும், உடன்பிறந்தவை எண்பது கிலோவைத் தாண்டிய நாளில் இவை அறுபதிலேயே நின்றன. கறியில் கொழுப்பு மிகுதி, வெட்டி வைத்தால் தட்டில் நீர் கட்டுகிறது என்று கறிக்கடைக்காரரும் விலையைக் குறைத்துவிட்டார். பிறந்த பின் இவ்வளவு கவனித்தும் ஏன் தேறவில்லை?

பதில் (ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், மேலூர்):
தம்பி, குறை உங்கள் கவனிப்பில் இல்லை; அது தாயின் வயிற்றிலேயே நேர்ந்துவிட்டது. பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாட்கள். தசை இழைகளில் முதல் வகை சுமார் 35ஆம் நாளிலிருந்து உருவாகத் தொடங்கும். அவற்றைச் சுற்றி இரண்டாம் வகை இழைகள் 55ஆம் நாளுக்கும் 90ஆம் நாளுக்கும் இடையில் அமையும். அதன் பிறகு இழைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் கூடுவதில்லை; பிறந்த குட்டி வளர்வது என்பது, இருக்கிற இழைகள் நீண்டு தடிப்பதுதான். கருப்பையில் இடமும் ஊட்டமும் போதாமல் பிறந்த நோஞ்சான் குட்டிக்கு இழைகள் குறைவு. தீவனத்தைக் கூட்டினால் அந்தச் சில இழைகள் அளவுக்கு மீறித் தடிக்கும், எஞ்சியது கொழுப்பாகச் சேரும். அப்படித் தடித்த இழைகளுள்ள கறி நீரை எளிதில் விடுவதும் மென்மை குறைவதும் உண்டு. கடைசி மாதத்தில் மட்டும் கூடுதலாகக் கொடுப்பதால் குட்டியின் எடை ஓரளவு ஏறலாம். இழைகள் அமையும் காலமோ அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அடுத்த ஈற்றில் குட்டிகளின் தலையையும் பாருங்கள்: நெற்றி கூம்பி உடல் ஒட்டியிருந்தால், அது கருவிலேயே வளர்ச்சி தடைப்பட்ட குட்டி.

பதில் (வாடிப்பட்டி வளர்ப்பாளர்):
ஐயா சொன்னது முற்றிலும் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு நடுச்சினையிலேயே யாரும் தாயைக் கொழுக்க வைத்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். இயல்பான தாய்க்கு மிகையாகக் கொடுப்பதால் குட்டிக்கு இழைகள் கூடுகின்றனவா என்பதில் ஆய்வுகளின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. மாறாக, கொழுத்த தாய் குட்டி போடத் திணறும். பால் கொடுக்கும் காலத்தில் தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் தவிர்க்க வேண்டியது புரதக் குறைவையே. சோற்றில் மாவுச்சத்துதான் மிகுதி, குட்டியின் தசைக்குத் தேவையான லைசின் என்ற புரதக்கூறு மிகக் குறைவு. புண்ணாக்கு பூஞ்சை பிடிக்காததாக இருக்கட்டும். சாம்பார், ஊறுகாய் உப்போடு வரும் கழிவு கொடுப்பவர்கள் தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் போதாவிட்டால் உப்பே நஞ்சாகும்.

திருமங்கலம் பண்ணையாளர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்படியானால் எவ்வளவு கொடுப்பது? இரும்புச்சத்து மருந்தையும் சினையிலேயே தாய்க்குக் கொடுத்துவிடலாமா ஐயா?

பதில் (மேலூர் மருத்துவர்):
சினைக்காலத்தில் நாளொன்றுக்கு 2 முதல் 2.5 கிலோ வரை உலர்தீவனம் பொதுவான அளவு. தாயின் உடல்நிலையைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். வெந்த சோற்றில் ஏறத்தாழ 70 விழுக்காடு தண்ணீர் என்பதால், ஏழு கிலோ சோறு வைத்தால்தான் இரண்டு கிலோ உலர்பொருள் சேரும். தொட்டி நிரம்பியதைக் கண்டு ஏமாந்துவிடுகிறோம். ஆகவே சினை உறுதியானதுமே சோற்றின் ஒரு பகுதியைக் குறைத்து, மக்காச்சோளம், தவிடு, சோயாப் புண்ணாக்கு, தாது உப்புக் கலவை ஆகியவற்றை வையுங்கள். தாய்க்குக் கொடுக்கும் இரும்பு கருவுக்குப் போதிய அளவு போய்ச் சேராது. குட்டி பிறந்த மூன்றாம் நாள் ஊசி போடுவதே முறை. சினை சேர்த்த தேதியைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதிவைத்து, அதனருகிலேயே 35, 55, 90 ஆகிய நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.